பாங்காக்கில் கடைசி நாள்: வயிற்றுக்கும் உடம்புக்கும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் தாய்லாந்துப் பயணத்தைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயணத்தின் கடைசி நாளைப் பற்றியே கேட்டிருந்தன. ஊர் சுற்றியாயிற்று, பொருள் வாங்கியாயிற்று, இரவு விமானம் ஏறும் வரை கையில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை நன்றாகச் சாப்பிடவும், நடந்து ஓய்ந்த உடம்பைச் சீராட்டவும் கொடுக்க வேண்டும் என்பதே பலருடைய விருப்பம். ஆகவே இந்த இதழில் அந்த ஒரு நாளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஐந்து நாள் பாங்காக்கில் இருக்கப் போகிறோம். கடைசி நாள் இரவு பத்து மணிக்குச் சென்னை விமானம். விடுதியில் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அன்றைக்குக் கோயில், கடைவீதி எதுவும் வேண்டாம், நல்ல சாப்பாடும் மசாஜும் போதும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?
— வங்கி ஊழியர், திருச்சி

பதில்: நல்ல முடிவு. விட்டுப்போன இடங்களை எல்லாம் கடைசி நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடி, வியர்த்து, விமானத்தில் வந்து விழுகிறவர்களே அதிகம். நீங்கள் அதைத் தவிர்த்ததற்கு முதலில் என் பாராட்டு. ஆனால் சாப்பாடும் மசாஜும் மட்டும் என்றாலும், எது முன்னே எது பின்னே என்கிற வரிசையில் கவனம் வேண்டும். தாய் மசாஜ் என்பது எண்ணெய் தடவி மெல்ல வருடிவிடும் வேலை அன்று. முழங்கை, முழங்கால், பாதம் என எல்லாவற்றையும் கொண்டு அழுத்தி, கைகால்களை இழுத்து, முதுகை வளைத்துப் பிடித்துவிடுவார்கள். ஒருமுறை நான் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாமல் போய்ப் படுத்தேன். கவிழ்ந்து படுக்கச் சொல்லி அந்த அம்மாள் முதுகை அழுத்தியபோது, சாப்பிட்டதெல்லாம் நெஞ்சு வரை எதுக்களித்து வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அரை மணியிலேயே எழுந்து வெளியே வந்தேன். அன்று முதல் எனக்கு ஒரே முறைதான்: லேசான காலை உணவு, பிறகு மசாஜ், அதன் பிறகே பெரிய சாப்பாடு.

முதல் நாள் இரவே பெட்டியைக் கட்டி வைத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு அறையைக் காலி செய்து, பெட்டிகளை விடுதியின் வரவேற்பிலேயே ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாலை வரை வைத்துக்கொள்ளப் பெரும்பாலான விடுதிகள் பணம் கேட்பதில்லை. மாற்றுடை ஒன்றைப் பெட்டிக்குள் வைக்காமல் தனிப் பையில் கையோடு வைத்திருங்கள், மாலையில் அதன் அருமை தெரியும். விடுதியின் காலைச் சாப்பாட்டை அன்று ஒரு நாள் விட்டுவிட்டுத் தெருவில் ஜோக் சாப்பிடுங்கள். குருணை அரிசியைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சிதான் ஜோக். மெல்லிய இஞ்சிக் கீற்றுகளும் வெங்காயத்தாளும் மேலே தூவி, கேட்டால் ஒரு முட்டையும் உடைத்து ஊற்றித் தருவார்கள். பன்றி இறைச்சி உருண்டைகள் வழக்கமாக இருக்கும், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்திலேயே பா தோங் கோ என்னும் பொரித்த மாவுத் துண்டும் சூடான சோயாப் பாலும் கிடைக்கும்.

அங்கிருந்து மின்தொடர் வண்டியில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. சாவ் ப்ரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறித் தா தியன் துறையில் இறங்கினால், சில நிமிட நடையில் வாட் போ கோயில் வந்துவிடும். 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சயன புத்தர் இருக்கும் கோயில் அது. நீங்கள் முன்பே பார்த்திருப்பீர்கள். பரவாயில்லை, இப்போது போவது புத்தரைப் பார்க்க அன்று. கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிற மசாஜ் மண்டபத்துக்கு. எட்டு மணிக்குக் கோயில் திறக்கிறது. ஒன்பது மணிக்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது, பத்தரைக்கு மேல் போனால் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க நேரும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள்.

பதினொரு மணிக்கு வெளியே வரும்போது நல்ல பசி எடுத்திருக்கும். அந்தப் பசியோடு சனாம் சாய் சுரங்க ரயில் நிலையம் வரை நடந்து, இரண்டாவது நிறுத்தமான வாட் மங்கோனில் இறங்கினால் சீனர் வீதியான யாவராத். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம். என்ன சாப்பிடுவது என்பதை அடுத்த கேள்விகளில் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்கு விடுதிப் பக்கம் திரும்பி, குளிரூட்டப்பட்ட ஏதாவது ஒரு கடையில் இனிப்போடு சற்று உட்கார்ந்திருந்து, மூன்றரைக்குக் கால் மசாஜ். ஐந்து மணிக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த வேளையில் பாங்காக் சாலைகளை நம்பி டாக்சியில் ஏறக் கூடாது. பாயா தாய் நிலையத்திலிருந்து விமான நிலைய ரயில் ஏறினால் அரை மணிக்குள் சுவர்ணபூமிக்கு வந்துவிடலாம். கட்டணம் 45 பாத். விமான நிலையத்தின் முதல் தளத்தில் அங்கே வேலை செய்பவர்களும் சாப்பிடுகிற மலிவான உணவகம் ஒன்று உண்டு. கையில் மிஞ்சிய சில்லறைப் பாத்துகளை அங்கே ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறலாம். சில விமானங்கள் பழைய டோன் மூவாங் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, சீட்டைப் பார்த்து இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 58 வயது. முழங்கால் வலி உண்டு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் பாங்காக்குக்கு அழைத்துப் போகிறான், தாய் மசாஜ் செய்துகொள்ளச் சொல்கிறான். அது கௌரவமான இடமாக இருக்குமா, உடம்பு தாங்குமா என்று தயக்கமாக இருக்கிறது. அந்த மசாஜில் அப்படி என்னதான் இருக்கிறது?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: முதலில் கௌரவத்தைப் பற்றி. நுவாட் தாய் எனப்படும் மரபுவழி மசாஜுக்கு ஆடை களைய வேண்டியதே இல்லை. தொளதொளப்பான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் அவர்களே தருவார்கள். தரையில் விரித்த மெத்தையில், பெரும்பாலும் பலர் வரிசையாகப் படுத்திருக்கும் பொதுக்கூடத்தில், பெண்களுக்குப் பெரும்பாலும் பெண்களே பிடித்துவிடுவார்கள். எண்ணெய் கிடையாது. கடை வாசலில் விலைப்பலகையும், உள்ளே சுவரில் அரசு உரிமச் சான்றும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போனால் சங்கடமே வராது.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இது என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாய் மசாஜ் முழுவதும் உடம்பில் ஓடுவதாக அவர்கள் கருதும் பத்துத் தடங்களின் மேல் நிற்கிறது. அவற்றை 'சென்' என்கிறார்கள். எல்லாமே தொப்புளைச் சுற்றிக் கிளம்புவதாகச் சொல்வார்கள். அவற்றில் முதல் மூன்றின் பெயர்களைக் கேளுங்கள்: இத்தா, பிங்கலா, சுமணா. நம் சித்த மருத்துவ நூல்களும் நாடிகளைப் பத்து என்றே எண்ணி, இடகலை, பிங்கலை, சுழுமுனை என்றுதான் தொடங்குகின்றன. புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரையே தாய் மசாஜ்காரர்கள் தங்கள் ஆதி குருவாக வணங்குகிறார்கள்; வேலையைத் தொடங்கும் முன் கைகூப்பிக் கண்ணை மூடி அவரை நினைத்துக்கொள்பவர்களை நீங்களும் பார்க்கலாம். இந்தியாவின் பழைய மருத்துவ அறிவு பௌத்தத்தோடு கிழக்கே போய், அந்த மண்ணின் கைப்பழக்கத்தோடு கலந்து, இன்றைக்கும் ஒரு தொழிலாக உயிரோடு இருக்கிறது.

வாட் போ கோயிலுக்கு இதில் தனி இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூன்றாம் ராமர் என்னும் அரசர் அந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது, மருத்துவம், இலக்கியம், மசாஜ் என நாட்டில் இருந்த அறிவை எல்லாம் கல்லில் வெட்டிச் சுவர்களில் பதிக்கச் செய்தார். மனித உருவத்தை வரைந்து, எந்த இடத்தை அழுத்தினால் எந்த நோய்க்கு நல்லது என்று காட்டும் பலகைகளை இப்போதும் அங்கே பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அவர் எண்ணம். அந்தக் கல்வெட்டுத் தொகுதியை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நுவாட் தாய் 2019இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கோயில் வளாகத்தில் 1955இல் தொடங்கிய மரபு மருத்துவப் பள்ளிதான் இன்றைய மசாஜ் பயிற்சிக்குத் தாய்வீடு. வளாகத்துக்குள் சிறு குன்றின் மேல் கைகால்களை முறுக்கி உட்கார்ந்திருக்கும் ரிஷிகளின் சிலைகள் இருக்கும். தமக்குத் தாமே சுளுக்கெடுத்துக்கொள்ளும் ஆசனங்கள் அவை. அவற்றைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் உடம்பு. இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறதா என்று கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டி வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்மானம் முற்றியவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் அழுத்தமான மசாஜைத் தவிர்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அதை மசாஜால் சரிசெய்ய முயலவே கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். உங்களைப் போன்றவர்கள் படுக்கும் முன்பே முழங்காலைத் தொட்டுக் காட்டி, இங்கே அழுத்த வேண்டாம் என்று சைகையால் சொல்லிவிடுங்கள். 'பாவ் பாவ்' என்றால் மெதுவாக, 'ஜெப்' என்றால் வலிக்கிறது. இந்த இரண்டு சொற்களும் போதும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நல்லது என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை அங்கே மறந்துவிடுங்கள். கடைசியில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்க வந்தால், எந்த வயதினராக இருந்தாலும் வேண்டாம் என்று தலையசைத்து மறுத்துவிடுங்கள். கழுத்து நரம்பும் இரத்தக் குழாயும் விளையாட்டுக்குரியவை அல்ல.

உங்கள் முழங்காலுக்கு நான் பரிந்துரைப்பது லூக் ப்ரகோப் என்னும் ஒத்தடம். நம் வைத்தியசாலைகளில் கிழி கட்டுவார்களே, அதேதான். ப்லாய் என்னும் இஞ்சி இனக் கிழங்கு, மஞ்சள், எலுமிச்சைப் புல், புளிய இலை, கற்பூரம் எல்லாவற்றையும் இடித்து, வெள்ளைத் துணியில் பந்துபோல இறுகக் கட்டி, மேலே கைப்பிடியாக ஒரு முடிச்சுப் போட்டு ஆவியில் வைத்திருப்பார்கள். எடுத்ததும் நேரே உடம்பில் வைக்க மாட்டார்கள். முதலில் தம் முன்கையில் ஒற்றிச் சூடு பார்த்து, பிறகு உங்கள் மேல் தொட்டுத் தொட்டு எடுத்து, சூடு தணியத் தணிய அழுத்தி உருட்டுவார்கள். துணியின் மஞ்சள் கறை உடையில் படும், புளியிலையும் கற்பூரமும் கலந்த மணம் மாலை வரை உடம்பில் நிற்கும். எங்கள் பாட்டி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றி எடுத்த நினைவு எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான் வருகிறது.

கேள்வி: நாங்கள் குடும்பத்தோடு சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. வெங்காயம், பூண்டும் சில நாட்களில் இல்லை. பாங்காக்கில் கடைசி நாளைச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கி என்ன பயன் என்று மகள் கேட்கிறாள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகளிடம் 'ஜே' என்னும் ஒரு சொல்லைச் சொல்லுங்கள். மஞ்சள் பலகையில் அல்லது மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இந்தச் சொல் எழுதியிருக்கும் கடைகள் சீன பௌத்த மரபுச் சைவக் கடைகள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது; வெங்காயம், பூண்டு முதலிய காரமணமுள்ள ஐந்தும் கிடையாது. உங்கள் வீட்டு நியமத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாட்டைத் தாய்லாந்தில் வேறெங்கும் தேட முடியாது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில் வரும், ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது போனால் யாவராத் முழுவதும் மஞ்சள் கொடிதான். மற்ற நாட்களில் 'கின் ஜே', அதாவது ஜே சாப்பிடுகிறேன், என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வெறுமனே காய்கறி போதும் என்று சொல்லி ஏமாந்துவிடாதீர்கள். காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் உப்புக்குப் பதில் மீன் சாறான நாம் ப்லா ஊற்றுவது அங்கே இயல்பு. பப்பாளிக்காயை உரலில் இடித்துச் செய்யும் சொம் தம்மில் காய்ந்த இறால் இருக்கும், குழம்புகளின் அரைத்த விழுதில் இறால் பசை கலந்திருக்கும். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கு அது உப்பைப் போன்றது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் தாண்டி, உங்கள் மகள் மனம் குளிரச் சாப்பிடக்கூடிய ஒன்று மாம்பழமும் பசையரிசியும், காவ் நியாவ் மாமுவாங். மார்ச் முதல் மே வரை போனால் நாம் தோக் மாய் என்னும் மாம்பழம் உச்சத்தில் இருக்கும். நீளமாக, நுனி வளைந்து, நாரே இல்லாத பழம். ஊறவைத்து ஆவியில் வேகவைத்த பசையரிசியைச் சூடு ஆறுவதற்குள் சர்க்கரையும் உப்பும் கலந்த தேங்காய்ப் பாலில் கொட்டி மூடிவைப்பார்கள். அரிசி அந்தப் பாலைக் குடித்து, ஒவ்வொரு மணியும் முத்துப்போல மினுங்கும். பரிமாறும்போது மேலே சற்றுக் கரிப்பான கெட்டிப் பாலை ஒரு கரண்டி விட்டு, வறுத்த பாசிப்பருப்பைத் தூவுவார்கள். அந்தக் கரிப்புத்தான் இதன் உயிர். அது இல்லாமல் வெறும் தித்திப்பாகச் செய்து தரும் இடங்களும் உண்டு. கேட்டு, ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, அதன் பிறகு பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு இனிப்போடு உட்காருங்கள் என்று முதல் பதிலில் சொன்னது இதற்காகத்தான்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில் பக்கம் போங்கள். அங்கே குடியேறிய தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது, இன்று தாய் மக்களே அதிகமாக வந்து கும்பிடுகிறார்கள். ஆனால் கடைசி நாளில் இட்லி தேடிப் போவதை நான் விரும்பவில்லை. மறுநாள் காலை அது வீட்டிலேயே காத்திருக்கிறது.

கேள்வி: அசைவப் பிரியன் நான். ஒரே ஒரு சாப்பாடுதான் மிச்சம் இருக்கிறது என்றால் பாங்காக்கில் எதைச் சாப்பிடுவீர்கள்? மிச்செலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய நண்டு ஆம்லெட் கடையில் வரிசையில் நிற்கலாமா?
— மீன் வியாபாரி, இராமநாதபுரம்

பதில்: அடுப்புக்கு முன்னால் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு கரியடுப்பில் சமைக்கும் ஜே ஃபாய் அம்மையாரின் கடையைத்தான் சொல்கிறீர்கள். பாங்காக்குக்கென்று மிச்செலின் வெளியிட்ட முதல் வழிகாட்டியிலேயே, 2017 டிசம்பரில், அவருக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அவருடைய உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் விமானம் பிடிக்க வேண்டிய நாளில் மணிக்கணக்காக வரிசையில் நிற்காதீர்கள். அதற்கு நடுவில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

அதேபோல யாவராத் தெருக்கடைகளும். அவை உயிர்பெறுவது சூரியன் மறைந்த பிறகுதான். பத்து மணி விமானக்காரர்களுக்கு எட்டாது. முந்தின நாள் மாலை போய்விடுங்கள், அது திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று பல கடைகள் விடுமுறை. மதியத்தில் அதே வட்டாரத்தின் உள்சந்துகளில் கூரைக்குக் கீழே நடக்கும் பழைய கடைகள் திறந்திருக்கும்.

எனக்கு ஒரே சாப்பாடு என்றால், காவ் கேங் கடை. சோறும் குழம்பும் என்பதே அந்தப் பெயரின் பொருள். பத்துப் பதினைந்து தட்டங்களில் அன்று காலை செய்த குழம்புகள் வரிசையாக இருக்கும், விரலால் காட்டினால் சோற்றின் மேல் இரண்டு மூன்று வகை ஊற்றித் தருவார்கள். பட்டை, ஏலம், நிலக்கடலை சேர்ந்த மசமன் குழம்பு இருந்தால் விடாதீர்கள். கூடவே ஒரு கிண்ணம் தோம் யாம் குங் கேட்டு வாங்குங்கள். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இறால் சாறு அது. அதைப் பலரும் நம் ரசத்தோடு ஒப்பிடுகிறார்கள், நான் ஒப்பிட மாட்டேன். ரசத்தின் புளிப்பு கொதித்து அடங்கிய புளிப்பு. தோம் யாமில் எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிகிறார்கள், அதனால் புளிப்பு பச்சையாக, கூர்மையாக நாக்கில் ஏறுகிறது. அதில் மிதக்கும் வட்டமான மரத்துண்டு போன்றது பேரரத்தை, நம் நாட்டு மருந்துக்கடையில் விற்கிற அதே குடும்பம்தான். அதையும் எலுமிச்சைப் புல்லையும் மெல்ல வேண்டாம், ஒதுக்கிவிட்டுச் சாற்றையும் இறாலையும் மட்டும் சாப்பிடுங்கள். மீன் வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இறாலின் தலையில் இருக்கும் செந்நிறக் கொழுப்புச் சாற்றில் கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். கரைந்திருந்தால் அந்தக் கடைக்காரர் கைதேர்ந்தவர்.

இன்னும் வயிற்றில் இடம் இருந்தால் படகு நூடுல்ஸ். ஒரு காலத்தில் வாய்க்கால் படகுகளிலிருந்து விற்றது, அதனால்தான் கிண்ணம் இவ்வளவு சிறியது என்பார்கள். இரண்டு மூன்று வாய்க்குள் தீர்ந்துவிடும், காலிக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். சாறு கருப்பாகக் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதில் கலக்கும் மிருக இரத்தம். இரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும்.

கேள்வி: டுரியன் பழம், மாம்பழம், மிளகாய் விழுது இவற்றை ஊருக்குக் கொண்டுவரலாமா?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: டுரியனை விடுதி அறைக்குள்ளேயே விடமாட்டார்கள், விமானத்திலும் அப்படித்தான். சாத்துசாக் சந்தைக்கு எதிரே உள்ள ஓர் தோர் கோர் சந்தையில் சுளை எடுத்துத் தருவார்கள், நின்றபடி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வாருங்கள். பச்சைப் பழங்களுக்கு இந்தியாவில் தாவர நோய்த்தடுப்புக் கட்டுப்பாடு உண்டு, அவற்றுக்குப் பதில் உலர்ந்த மாம்பழமும் இனிப்புப் புளியும் வாங்குங்கள். மிளகாய் விழுதும் பசைப் பொருளாகவே கருதப்படும், 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், துணி சுற்றி வையுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. அறுபது வயதுக்கு மேல்தான் முதல்முறையாக வெளிநாடு வருகிறார். கடைசி நாளில் கால் மசாஜுக்கு அழைத்துப் போகலாம் என்றால், இன்னொருத்தி என் காலைப் பிடிப்பதா, அதற்கு முந்நூறு பாத்தா, அந்தப் பணத்துக்குப் பேரனுக்குச் சட்டை வாங்கலாமே என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மாவின் குரலே கேட்டது. வாழ்நாள் முழுதும் மற்றவர் காலைப் பிடித்துவிட்ட பெண்களுக்குத் தம் காலை இன்னொருவர் கையில் கொடுப்பது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். பேரனுக்குச் சட்டையை முதல் நாளே வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள், அந்தக் காரணம் தீர்ந்துவிடும். காலைப் பிடிப்பவருக்கு இது படித்துச் சான்று வாங்கிச் செய்யும் தொழில், தையற்காரரும் செவிலியரும் செய்வதைப் போன்ற தொழில் என்று சொல்லுங்கள். முடிந்ததும் 50 அல்லது 100 பாத்தை அம்மாவின் கையாலேயே நேரடியாக அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்குபவரும் கொடுப்பவரும் கைகூப்பிக்கொள்ளும்போது கூச்சம் மிச்சம் இருக்காது. பணத்தை அவர் காதில் போடாமல் நீங்களே முன்கூட்டிக் கட்டிவிடுவதும் நல்லது.

அம்மாவுக்கு முழு உடல் மசாஜ் வேண்டாம், ஒரு மணி நேரக் கால் மசாஜ் போதும். சர்க்கரை நோயால் பாதத்தில் மரத்துப்போகும் தன்மை இருந்தால் அதை முதலிலேயே சொல்லி, மரக்குச்சியால் அழுத்துவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பக்கத்து நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள், தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள். சேலை கட்டியிருந்தால் முழங்கால் வரை ஏற்ற வேண்டியிருக்கும், அதற்கே பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் தொளதொளப்பான சுடிதார் போட்டுவரச் சொல்லுங்கள், அல்லது கடையில் தரும் கால்சட்டைக்கு மாறிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பித்தளைப் பாத்திரத்திலோ மரத் தொட்டியிலோ வெதுவெதுப்பான நீரும் எலுமிச்சைத் துண்டுகளும் போட்டு, அந்தப் பெண் தரையில் மணையிட்டு உட்கார்ந்து அம்மாவின் பாதங்களைக் கழுவுவார். குதிகால் வெடிப்பை விரலால் தடவி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியை விட்டு ஈரத்தைத் துடைப்பார். அந்த ஐந்து நிமிடம் அம்மாவிடம் எதுவும் பேசாமல் இருங்கள். முடிந்து எழுந்ததும் சிறு கோப்பையில் சூடாக ஒன்று குடிக்கத் தருவார்கள், பல கடைகளில் அது உலர்ந்த வில்வக் காயைக் கொதிக்கவைத்து எடுத்த மாதூம் சாறு. வில்வம் என்று சொல்லிக் கொடுத்தால் அம்மா மறுக்காமல் குடிப்பார்.